தாளம் தப்பினால்

மன்னார்க் கூத்தைப் பல்லூடகப் பாடமாக்க எம் மாணவர் சிலர் அண்மையில் முயன்றனர். இரவு முழுதும் ஆடிய கூத்தை ஒரு கருவி படமாகவும், மற்றொன்று ஒலியாகவும் பதிந்தது. தொடக்கத்தில் இரண்டும் ஒத்திருந்தன. விடியற்காலைக் காட்சியிலோ மத்தளம் முந்திற்று, கால் பிந்திற்று. ஆடியவர் தவறினாரோ என நாமும் ஒரு கணம் மயங்கினோம்.

தவறு ஆடியவருடையதன்று. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. இரண்டுக்குமிடையே பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபாடிருப்பினும், 8 மணித்தியாலத்தில் அது கால் செக்கனைக் கடந்துவிடும்.

கால் செக்கன் சிறிதன்றோ எனலாம். கடற்கரையில் 340 மீற்றர் தொலைவில் ஒருவர் வள்ளத்தில் ஆணி அடிப்பதைப் பாருங்கள். சுத்தியல் வீழ்ந்து ஏறக்குறைய ஒரு செக்கன் சென்றபின்னரே ஒலி எட்டும். ஒலி பிந்துதல் இயற்கை, முந்துதல் இயற்கையன்று. ஆதலால் பிந்துவதை ஓரளவு பொறுக்கும் நம் மனம், முந்துவதைப் பொறுப்பதில்லை. ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலும், 125 மில்லிசெக்கன் பிந்தினாலும் பார்ப்போர் உணர்வர் எனச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வரையறுத்தது.

பல்லூடகப் பாடத்தில் இன்னுமொரு சிக்கல் உண்டு. படிப்பவர் இடையில் நிறுத்துவார், பின்னோக்கிச் செல்வார். அப்பொழுது படம், பாட்டு, கீழே ஓடும் எழுத்து மூன்றும் ஓரிடத்திலேயே நின்று, ஓரிடத்திலிருந்தே தொடங்கவேண்டும். எவை ஒருங்கே நிகழ்வன, எவை ஒன்றன்பின் ஒன்றாய் வருவன என்று எழுதிவைக்க 1998இலேயே 'ஸ்மில்' என்னும் கணினிமொழி வகுக்கப்பட்டது. காட்டும் கணினியோ பெரும்பாலும் ஒலியின் கடிகாரத்தையே தலைமையாகக் கொள்ளும். படத்தில் ஓரிரு சட்டங்கள் விடுபட்டாலும் கண் அறியாது. ஒலி அறுந்தால் காது உடனே அறியும்.

இது எமக்குப் புதிதா? அண்ணாவியாரின் கைத்தாளத்துக்கே பாட்டும் மத்தளமும் காலும் கட்டுப்பட்டன. சபையோர் மீண்டும் கேட்டால் அனைவரும் அவரோடு திரும்பினர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் 'மூவிராசாக்கள் நாடகம்' என்னும் மன்னார்க் கூத்தைப் பதிப்பித்துச் சொல்லைக் காத்தார். தாளமும் அடியும் சேருமிடத்தை அச்சு காக்காது, பதிவே காக்கவேண்டும். முதிய அண்ணாவிமார் மறைந்தபின் பதிவைப் பார்த்தே ஆடப்பழகும் பிள்ளை, பிழைபட்ட அடியையே மரபெனக் கற்கும்.

பரிகாரம் எளிது. இரு கருவிகளுக்கும் முன்னே தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டுங்கள். இரு தட்டும் பொருந்துமாறு ஒலியைச் சீர்செய்யுங்கள். எம் மாணவர் அடுத்த கூத்துக்கு அவ்வாறே செல்லவிருக்கின்றனர்.