கடைசிப் பாட்டு இல்லாத இவாஞ்சலியன்

டிவி தொடர்களில் கடைசிப் பாட்டை எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? கதை முடிந்த அடுத்த நொடியே ரிமோட்டைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் 2019 ஜூன் 21 அன்று நெட்ஃப்ளிக்ஸில் 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' வந்ததும் ரசிகர்கள் போட்ட கூச்சல் பலருக்கு வேடிக்கையாகப் பட்டது. ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் 'ஃப்ளை மீ டு த மூன்' என்ற முடிவுப் பாட்டைத் தூக்கிவிட்டார்கள். "26 எபிசோடும் முழுசா இருக்கே, ஒரு பாட்டுதானே, போனா போகுது" என்றார்கள் மற்றவர்கள்.

போனது ஒரு பாட்டு மட்டும்தானா?

இவாஞ்சலியன் தெரியாதவர்களுக்கு நாலு வரியில்: 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை ஜப்பானில் டிவி டோக்கியோவில் ஓடிய அனிமே. இயக்குநர் ஹிதேகி அன்னோ. ஷின்ஜி என்ற 14 வயதுப் பையனை, அவனைக் கைவிட்டுப் போன அப்பாவே திரும்பக் கூப்பிட்டு ஒரு ராட்சத இயந்திரத்துக்குள் உட்கார வைக்கிறார். 'ஏஞ்சல்' என்ற பெயரில் வரும் விசித்திர உருவங்களோடு அவன் சண்டை போட வேண்டும். வெளியே பார்த்தால் ரோபோ சண்டைக் கதை. உள்ளே போனால் தனிமை, பயம், யாராவது நம்மை ஏற்றுக்கொள்ள மாட்டார்களா என்ற ஏக்கம்.

இந்த இரட்டை முகம் ஆரம்பப் பாட்டிலேயே வந்துவிடுகிறது. அனிமே ஆரம்பப் பாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். யோகோ தகஹாஷி பாடிய 'ஒரு கொடூரத் தேவதையின் கோட்பாடு' (ஜப்பானியத் தலைப்பின் பொருள் ஏறக்குறைய இதுதான்) தாளம் போட வைக்கும் துள்ளலான பாப் பாட்டு. ஜப்பான் கரோக்கிக் கடைகளில் பல வருடங்களாகச் சக்கைப் போடு போடும் பாட்டும்கூட. ஆனால் வரிகளைக் கவனித்தால், வளர்ந்து தன்னை விட்டுப் போகப்போகும் பையனைப் பார்த்து ஒரு தாய் பாடுவது போல இருக்கும். தாயில்லாத ஷின்ஜியின் கதைக்கு இது சும்மா வைத்த பாட்டு இல்லை.

பின்னணி இசை ஷிரோ சகிசு. சண்டைக்கு முன்னால் திட்டம் போடும் காட்சிகளில் அவர் போட்ட அந்த முரசு இசை அவ்வளவு பிரபலம். 2016ல் அன்னோ 'ஷின் காட்ஸில்லா' எடுத்தபோது, அதிகாரிகள் கூடிப் பேசும் காட்சிகளுக்கு அதையே மறுபடி எடுத்துப் போட்டார். ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம் புரட்டினாலும் போர் மூண்டுவிட்ட மாதிரி ஒரு பதற்றம் வந்துவிடுகிறது.

(கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடவும்.)

24வது எபிசோடில் கவோரு என்ற பையன் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை முணுமுணுத்தபடி அறிமுகமாகிறான். ஜப்பானியர்களுக்கு அது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் இசை அல்ல. 1918 ஜூன் 1 அன்று நருத்தோவில் இருந்த பந்தோ முகாமில் ஜெர்மானியப் போர்க் கைதிகள் அதை முழுவதுமாக வாசித்தார்கள். பிற்பாடு வருடக் கடைசியில் ஊர் ஊராக அதைப் பாடுவது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கொண்டாட்டத்தின் சத்தம் அது. அந்த இசை முழங்கும்போதுதான் ஷின்ஜி தன் நண்பனை இயந்திரத்தின் கைக்குள் பிடித்துக்கொண்டு, கொல்வதா வேண்டாமா என்று நிற்கிறான். சுமார் ஒரு நிமிடம் திரையில் எதுவுமே அசையாது! படம் நின்றுவிடுகிறது, இசை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அது வெறும் ஓவியம்.

இப்போது அந்த முடிவுப் பாட்டு. 18வது எபிசோடில் ஷின்ஜி சண்டை போட மறுக்கிறான். அவனுடைய அப்பா கட்டுப்பாட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி இயந்திரத்திடமே கொடுக்கிறார். அது எதிரே இருப்பதைப் பிய்த்து எறிகிறது. உள்ளே இருந்தது தன் வகுப்புத் தோழன் என்று ஷின்ஜிக்குக் கடைசியில்தான் தெரிகிறது. ஒரு அலறல். அதோடு எபிசோட் முடிந்து, நிலவொளி விழும் தண்ணீரில் தலைகீழாக மெல்லச் சுழலும் ஒரு பெண்ணின் நிழலும், காதலோடு நிலாவுக்குக் கூப்பிடும் அந்தப் பழைய அமெரிக்கப் பாட்டும் வருகின்றன. ஆறுதலா, கேலியா என்று தெரியாது. வயிற்றைப் பிசையும். அதுவும் எப்போதும் ஒரே மாதிரிப் பாடவில்லை. பாடகிகளும் மாறினார்கள், இசையமைப்பும் மாறியது. கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர்களே பாடிய வடிவங்களும் உண்டு. ஒரே பாட்டு, வேறு வேறு மனநிலை.

நெட்ஃப்ளிக்ஸ் இந்த இடத்தில் வைத்தது சகிசுவின் ஒரு பியானோ இசையை. அது மட்டமான இசை இல்லை, இதே தொடரில் வருவதுதான். ஆனால் அது சோகமான இசை. சோகக் காட்சிக்குப் பின்னால் சோக இசை என்றால், அதைத்தான் எல்லாத் தொடர்களும் செய்கின்றனவே!

சரி, ஏன் தூக்கினார்கள்? பிரச்சினை உரிமத்தில் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. பார்ட் ஹோவர்ட் 1954ல் எழுதிய பாட்டு இது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலப் பாட்டுகளுக்கு 95 வருடம் வரை காப்புரிமை இருக்கும். காட்சியோடு ஒரு பாட்டைச் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும். அதையும் எந்தெந்த நாடு, எந்தெந்த ஊடகம், எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு விற்பார்கள். 1995ல் ஒரே நாளில் 190 நாடுகளில் படம் காட்டும் கம்பெனி வரும் என்று யார் கண்டது? 1827லேயே இறந்துபோன பீத்தோவனுக்கு ராயல்டி கிடையாது, அதனால் அவர் தப்பித்தார். (இசைப் பதிவுக்கு உரிமை இருக்கும், அது வேறு கணக்கு.) ஆக, எந்த இசை தங்கும், எது போகும் என்பதைக் கதை முடிவு செய்யவில்லை, விலைப்பட்டியல் முடிவு செய்தது.

வியாபாரி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பாட்டுக்காக அள்ளிக் கொடுத்தால் மொத்தக் கணக்கும் உதைக்கும். பாட்டோடுதான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்து, தொடர் யாருக்கும் கிடைக்காமல் போவதற்கு, பாட்டில்லாமல் கிடைப்பது மேல். முதன்முறையாகப் பார்த்தவர்களில் பலருக்கு ஏதோ குறைகிறது என்றே தோன்றியிருக்காது. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் அந்தக் கடைசி வாதத்தில்தான் ஆபத்தே இருக்கிறது. 'தெரியாது' என்பதால் செய்யலாம் என்றால், கடையில் எடை குறைத்து விற்பவனும் அதைத்தானே சொல்வான்? புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தைச் சுருக்கினால் 'சுருக்கப்பட்ட பதிப்பு' என்று அட்டையில் போடுகிறார்கள். இசையை மாற்றினாலும் எபிசோட் தொடங்கும்போது ஒரு வரி போடலாமே: 'இந்தப் பதிப்பில் முடிவுப் பாடல் மாற்றப்பட்டுள்ளது'. இதற்கு ராயல்டி ஒன்றும் ஆகாது. வேண்டியவர்கள் அசல் பாட்டைத் தேடிக் கேட்டுக்கொள்வார்கள்.

இசையின் மதிப்பு அந்தக் கம்பெனிக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1998ல் வந்த 'கௌபாய் பீபாப்' அனிமேயை 2021ல் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தபோது, அசல் இசையமைப்பாளர் யோகோ கன்னோவையே கூட்டிவந்து, 'டேங்க்!' என்ற அதே ஆரம்ப இசையோடுதான் தொடங்கினார்கள். தொடர் ஒரே சீசனில் ஊற்றிக்கொண்டது வேறு கதை :-) ஆனால் அந்த இசை இல்லாமல் ரசிகன் வாசல்படியே மிதிக்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் சேர்க்க உதவும் ஆரம்ப இசைக்குப் பணம் இருக்கிறது. கூட்டம் உள்ளே வந்தபிறகு கடைசியில் ஒலிக்கும் பாட்டுக்கு இல்லை.

கதை எழுதியவன், படம் வரைந்தவன், குரல் கொடுத்தவள், இசை போட்டவர் எல்லாரும் சேர்ந்து செய்த பொருளில் இசை மட்டும் கழற்றி மாட்டக்கூடிய உதிரிபாகம் இல்லை. அது தெரிந்துதான் அன்னோ அந்த ஒரு நிமிடம் படத்தை நிறுத்திவிட்டு இசையை ஓடவிட்டார்.

பி.கு.: பழைய டிவிடி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் 18வது எபிசோடை ஒரு தடவை அதில் போட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டு முடியும்வரை ரிமோட்டைத் தொடாமல்.