புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வகுப்பறை எப்போது சொந்தமாகும்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் திருப்பூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்குப் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பெற்றோர் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்கள். "டி.சி. எங்கே?" என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. ஊருக்குப் போய் வாங்கி வருவதென்றால் போகவர ரயிலிலேயே பல நாள் கழிந்துவிடும். கூலி போகும், வேலையும் போகலாம். இடம் கிடைக்காமல் திரும்பிப் போகும் பிள்ளை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் வளர்ந்தால் ஏதாவது ஒரு பட்டறை அதற்கு வேலை கொடுத்துவிடுகிறது.

டி.சி. இல்லையென்று திருப்பி அனுப்பச் சட்டம் சொல்லவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்தபின் வந்தாலும் மறுக்கக் கூடாது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனாலும் பெற்றோர் ஆளுக்கொரு வாசலில் கெஞ்சி நிற்கிறார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி இடம் வாங்கிய பிறகுதான் பிள்ளையின் பாடு தொடங்குகிறது. தமிழ் தெரியாது என்பதற்காகப் பதினோரு வயதுப் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால், குட்டிப் பிள்ளைகளுக்கு நடுவே அது கூனிக் குறுகிப் போகிறது. கணக்கில் கெட்டியான பிள்ளையும் கேள்வியைப் படிக்கத் தெரியாமல் வெற்றுத் தாளை நீட்டுகிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் தப்பாக ஏறிவிடுகிறது. கூப்பிடுவதோ "ஏய், இந்திக்காரா!" என்றுதான். அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒடியாவாகவோ போஜ்புரியாகவோ சந்தாலியாகவோ இருக்கலாம். 'வடக்கன்' என்ற சொல் தெருவிலிருந்து வகுப்புக்குள் வந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. ஆனால் தன் இடம் இது என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்படி யாரும் எதுவும் செய்யவுமில்லை. சில வாரங்களில் அது வருவதை நிறுத்திவிடுகிறது. 'நீண்ட நாள் வராதோர்' பட்டியலில் ஒரு பெயர் கூடுகிறது.

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் நிலைமை இன்னும் மோசம். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டக் குடும்பங்கள் டிசம்பர், ஜனவரியில் வந்து மழைக்கு முன்பாக ஜூன் வாக்கில் திரும்புகின்றன. இங்கே பள்ளி திறக்கும் நேரம் அவர்கள் ஊருக்கு மூட்டை கட்டும் நேரம். அங்கும் பாதி, இங்கும் பாதி என்று படிப்பு இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. இதற்கும் வழி இருக்கிறது என்று திருவள்ளூர் மாவட்டமே காட்டியது. அங்கே சூளை அருகிலேயே பள்ளி நடத்தி, ஒடியாப் பாடநூலையும் ஒடியா தெரிந்த ஆசிரியரையும் கொண்டுவந்தார்கள். ஒரு மாவட்டத்தால் முடிந்தது மற்ற மாவட்டங்களால் ஏன் முடியாது?

வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் படும் பாடு தமிழர்களுக்குத் தெரியாததல்ல. திருநெல்வேலியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மும்பைக்குப் போன நம் மக்களின் பிள்ளைகளுக்காக, தாராவியில் அந்த மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளை நடத்தியது. அன்று நம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த மரியாதை, இன்று நம்மை நம்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்க வேண்டும்.

தமிழும் அவர்களுக்கு முறையாகக் கிடைக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளையை அரிச்சுவடியும் கற்றுத்தராமல் பொதுத்தேர்வுக்குத் தள்ளுவது அநியாயம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று மத்திய அரசின் விதிகளே சொல்கின்றன.

கோரிக்கைகள் எளியவை. மே மாதத்திலேயே தொழிலாளர் துறையும் உள்ளாட்சியும் லைன் வீடுகளிலும் சூளைகளிலும் பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பக்கத்துப் பள்ளிக்குப் பட்டியல் தர வேண்டும். சான்றிதழ் இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற அறிவிப்பை இந்தி, ஒடியா, வங்க மொழிகளிலும் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும். டி.சி.யைப் பள்ளிக் கல்வித்துறையே அந்த மாநிலத்திடம் கேட்டுப் பெறட்டும். புதிய பிள்ளைகள் அதிகம் சேரும் பள்ளிக்கு அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர் ஒருவரை மதிப்பூதியத்தில் அமர்த்த வேண்டும். இங்கேயே சில ஆண்டு படித்துத் தமிழ் பழகிய பிகார், ஒடிசா இளைஞர்களே இதற்குப் பொருத்தமானவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதில் ஓர் இடத்தைப் புலம்பெயர்ந்த தாய் ஒருவருக்கு ஒதுக்கி, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும்.

பணம் கேட்காத வேலைகளும் உண்டு. பெயரைச் சரியாக எழுதுங்கள், சரியாகக் கூப்பிடுங்கள். வகுப்பில் ஒரு தோழனையோ தோழியையோ துணைக்கு விடுங்கள். வட்டார இழிசொல் வகுப்பில் ஒலித்தால் அன்றே கண்டியுங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்று தொடக்க வகுப்புப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது. அந்தப் பந்தியில் கிடைக்கும் சமத்துவம், மணி அடித்து வகுப்புக்குள் போனதும் கலைந்துவிடக் கூடாது.

நம் ஊர்ப் பனியனைத் தைப்பதும், நம் வீட்டுச் செங்கல்லைச் சுடுவதும், நம் மேம்பாலத்துக்குக் கம்பி கட்டுவதும் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான். அவர்கள் உழைப்பை எடுத்துக்கொள்ளும் ஊர், பிள்ளைகளின் படிப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே பள்ளிக் கல்வித்துறை இதற்கான ஆணையைப் பிறப்பிக்கட்டும். சேர்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆண்டு இறுதிவரை வகுப்பில் இருந்தார்கள் என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும்.