சுருதியை மாற்றியது யார்?

‘பழைய பித்தளை வாத்தியமா? அதுல சுருதியே சேராதுப்பா!’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சேராமல் போனது வாத்தியத்தின் குற்றமா?

வாருங்கள், கொஞ்சம் இங்கிலாந்து வரை போய் வருவோம்.

19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஊருக்கு ஒரு சுருதி. 1859-ல் பிரான்ஸ் அரசு கமிட்டி போட்டு, ‘ஏ’ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வு என்று உத்தரவிட்டது. இங்கிலாந்திலோ 452 வரை ஏற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த உச்ச சுருதிக்கு லண்டன் பில்ஹார்மானிக் சொசைட்டியின் பெயரே வழங்கியது. அதை நம்பித்தான் மில் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் சந்தா வசூலித்து பேண்டு வாத்தியம் வாங்கினார்கள். 1896-ல் அதே சொசைட்டி 439-க்கு இறங்கிவிட்டது. 1939-ல் லண்டனில் சர்வதேச மாநாடு கூடி 440 என்றது.

சரி ஐயா, வாங்கி வைத்த வாத்தியத்தை என்ன செய்வது?

வயலின்காரருக்குக் கவலையில்லை. பிருடையைத் திருகினால் தீர்ந்தது. பித்தளைக்கோ குழாயின் நீளம்தான் சுருதி. 452-ஐ 440 ஆக்க, நீளம் கிட்டத்தட்ட 3 சதவிகிதம் கூட வேண்டும். நாலரை அடி கார்னெட்டுக்கு ஒன்றரை அங்குலம். 18 அடி பெரிய பேஸுக்கு அரை அடி! அதோடு விட்டதா? வால்வு ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் உண்டு. பிரதான ஸ்லைடை மட்டும் நீட்டினால், வால்வை அழுத்தியதும் சுருதி பல்லிளிக்கும். எனவே எல்லாவற்றிலும் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். சில வாத்தியங்களுக்கு இரண்டு சுருதிக்கும் இரண்டு செட் ஸ்லைடு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பட்டறைதான் கதி.

பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளே 1920-களின் கடைசியில்தான் மாறின. தொழிலாளர் பேண்டுகள் 1960-கள் வரை இழுத்தன. ‘பிடிவாதம்’ என்றார்கள். பி.காம். படித்த எனக்குத் தெரிந்து அதற்குப் பெயர் பட்ஜெட். இருபத்தைந்து பேர் பேண்டில் ஒருவர் மட்டும் மாற முடியாது. மொத்த செட்டையும் மாற்ற வேண்டும். கடைசியில் கம்பெனிகள் பழைய சுருதியில் செய்வதையே நிறுத்தியதும், வேறு வழியில்லாமல் மாறினார்கள்.

பொதுச் சுருதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கொரு சுருதியில் ஊதினால் காது என்னாகும்? ஆனால், அளவுகோலை மாற்றுகிறவர்கள் முதலில் பர்ஸைத் திறக்க வேண்டாமா?

அடுத்த முறை ஒரு பழைய கார்னெட்டைப் பார்த்தால், ஸ்லைடில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிரிக்காதீர்கள். தீர்மானம் போட்டது ஒருவர். அதற்கு பில் கட்டியது வேறொருவர்!