கதவடைப்புக்கு முன் களத்துக்கு வாருங்கள்!

தோழர்களே!

மில் சங்கு கேட்டு எழுந்தவர்கள் நாம். பஞ்சு நூலாகும் கதை நம் விரல்களுக்குத் தெரியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையில், முதலாளி இல்லாத ஆலை ஒன்று பொழுது விடிந்ததும் ஓடத் தொடங்குகிறது. அதன் பெயர் இலை!

அதற்கு மின்சாரம், வெயில். மூலப்பொருள் இரண்டே: வேர் ஏற்றித் தரும் தண்ணீர், இலையின் நுண்துளை வழியே நுழையும் கரியமில வாயு. பச்சையம் வெயிலைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. பிடித்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரைதான் மரத்தின் வைரம், நம் சப்பட்டை மாம்பழம், பால்கோவாவுக்குப் பால் தரும் மாடு மேயும் புல், நாம் நூற்கும் பஞ்சு.

காலையில் வேப்பங்கிளை ஒன்றில் பாலிதீன் பையைக் கட்டி வையுங்கள். மத்தியானம் பாருங்கள், உள்ளே முத்து முத்தாய் நீர்! கரியமில வாயுவுக்காகத் திறந்த துளை வழியே தண்ணீர் ஆவியாகிறது. காடு குளிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண் காய்ந்து வெக்கை ஏறினால் இலை அந்தத் துளையை மூடிக்கொள்ளும். கரியமில வாயு நுழையாமல் ஆலை நின்றுவிடும். நமக்குப் பழகிய சொல்லில், கதவடைப்பு!

காற்றில் அளவு மீறினால் அந்த வெக்கையை ஏற்றுவதும் கரியமில வாயுதான். தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை நிலத்துத் தாவரங்களும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. அவை கைவிட்டால் அதுவும் நம் தலைமேல்தான். 'நிலக்கரியை எரிப்போம், மரம் நட்டுச் சரிக்கட்டுவோம்' என்பவரை நம்பாதீர்கள். நேற்று நட்ட கன்று, நிற்கும் காட்டுக்கு ஈடாகாது.

நம் மேற்கு மலைக் காடு 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம். கிளையோடு கிளை கோத்திருந்தால்தான் அந்த அணில் தரையிறங்காமல் பிழைக்கும். அந்தக் கிளைக் கூரைதான் ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் காவல்.

கோடை வாசலில் நிற்கிறது. பல ஆண்டுகள் மரம் சேர்த்த கரியை, ஒரு பீடித் துண்டு ஒரே பகலில் புகையாக்கிவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ உயிர்களைக் குடித்ததை மறந்தோமா?

காட்டை ஒட்டிய அய்யனார் கோயிலுக்கும் செண்பகத்தோப்புக்கும் தீப்பெட்டியோடு யாரும் போகாமல் பார்ப்போம். சருகைக் கொளுத்தாமல் உரமாக்குவோம். தீத்தடுப்புக் கோடு வெட்ட வனத்துறை கூப்பிட்டால் முதல் ஆளாய் நிற்போம். சாலையோரப் புளியமரத்தில் கோடரி விழுமுன் கேள்வி கேட்போம். புகை கக்கும் உலையைக் குறைக்கச் சொல்லிக் குரல் கொடுப்போம்.

அந்த ஆலைக்குச் சங்கு கிடையாது. அதற்காக ஊதவேண்டியது நாம்தான். எழுங்கள், தோழர்களே!