பலசாலிக்கு இடுப்புப் பிடிக்காதா?

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறைகளில், தலைநரைத்த மேஸ்திரி முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் வரை மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. உரமேறிய சரீரத்துக்கு இடுப்புப் பிடிக்காது, பிடித்தால் அவன் தொழிலுக்கு லாயக்கில்லாதவன் என்பதே அது. வலியோடு அவமானத்தையும் சுமத்தி, நல்ல தொழிலாளிகளை வாய்திறவாமல் முடங்கவைக்கும் இக்கொள்கை முழுப் பொய்.

முதுகைத் தாங்கும் தசைகள், முள்ளெலும்பு வளையும் புள்ளிக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னால் நின்றே இழுக்கின்றன. ஆதலால், பம்பருக்கு மேலே குனிந்து, கையை நீட்டி, 50 சென்டிமீட்டர் முன்னாலுள்ள 20 கிலோ சாமானை ஒருவன் எடுக்கும்போது, அத்தசைகள் பத்து மடங்கு, அதாவது 200 கிலோவுக்கு ஈடாக இழுத்தாக வேண்டும்; குனிந்த மார்பும் தலையும் சேர்க்கும் பாரம் தனி. அவன் புஜபலம் இந்தக் கணக்கில் ஓர் இலக்கத்தையும் மாற்றாது. பலசாலி என்ற பெயரே அவனிடம் பெரிய சாமானைத் தள்ளிவிடுகிறது! உயிருள்ள மனிதரின் முதுகு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்த ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன், நிமிர்ந்து நிற்பதைவிடக் குனிந்து நிற்கையில் அது மிகுவதை 1960களிலேயே காட்டினார். ரத்த ஓட்டம் மிகக் குறைந்த அவ்வட்டுகள், தசையைப் போல விரைவில் உரமேறுவதுமில்லை, ஆறுவதுமில்லை.

பெல்ட் கட்டினால் போதும் என்பாரும் உண்டு. நோயற்ற தொழிலாளிக்கு அது காப்பாகும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க அரசின் தொழில் நல ஆராய்ச்சி நிறுவனம் 1994இல் அறிவித்துவிட்டது.

நாற்பது வருஷம் கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கிய பெரியவர் இன்னும் நிமிர்ந்து நடக்கிறாரே என்று சாட்சி காட்டுவார்கள். அவரோடு தொழில் பழகி, நடுவில் குனிய முடியாமற்போய், இரவுக் காவலுக்கோ பெட்டிக்கடைக்கோ போய்விட்டவர்கள் பட்டறை வாசலில் தென்படாததால், கணக்கில் வருவதில்லை.

நூறு கிலோவை நெருங்கும் லாரிச் சக்கரத்தைத் தூக்கி மாட்டவே கூடாது. ஜாக்கியின் உயரத்தைத் திருத்தி, சக்கரத்தை உருட்டி நிறுத்தி, அடியில் கடப்பாறை கொடுத்து நெம்பினால் போல்ட்டில் ஏறிவிடும். இரவெல்லாம் ஓட்டி வந்தவன், இறங்கிய கையோடு ஸ்டெப்னியைத் தொடாமல், சற்று நடந்துவிட்டுக் குனியட்டும். காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தூக்க எவரையும் வைக்கலாகாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு விதித்தது. சட்டத்தின் கண் எட்டாத சிறு பட்டறையிலும், செயின் பிளாக்கும் சக்கரம் வைத்த ஜாக்கியும் வாங்கி வைப்பது முதலாளியின் கடமை. அவை வரும்வரை, இன்னொரு கை சேரட்டும், பொறு என்று பையனிடம் சொல்ல மேஸ்திரிக்கு அதிகாரம் இருக்கிறது. அதை விட்டு, இளவட்டம்தானே, தூக்கு என்று ஏவுவதை அவர் இன்றோடு நிறுத்த வேண்டும்.