ஒரு கோட்டையில் மூன்று குடித்தனம்

அண்ணன் தம்பிகள் மூவர். முன்னோர் வழியில் வந்த வீடு ஒன்று. பாகம் பிரிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. என்ன செய்வார்கள்?

வழக்கமாக நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வீட்டின் நடுவே சுவர் எழுப்புவார்கள். அல்லது ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் கொடுப்பார். இரண்டும் முடியாமற் போனால் கோர்ட்டுப் படி ஏறுவார்கள். பேரப் பிள்ளைகள் காலத்திலும் வழக்கு முடியாது.

ஜெர்மனியில் எல்ட்ஸ் என்ற பிரபுக் குடும்பத்தில் 1268ஆம் ஆண்டில் இதே நிலைமை வந்தது. எலியாஸ், வில்ஹெல்ம், தியோடரிக் என்று மூன்று சகோதரர்கள். வீடு என்றால் சாதாரண வீடா? பாறையின் மேல் ஓங்கி நிற்கும் கோட்டை! அவர்கள் அதை விற்கவில்லை. நிலபுலன்களைப் பிரித்துக்கொண்டார்கள். கோட்டையில் மட்டும் மூன்று கிளைகளும் சேர்ந்தே இருப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த ஏற்பாடு 1815 வரையில், ஏறக்குறைய 550 ஆண்டுகள், நிலைத்து நின்றது!

அந்தக் கோட்டை இன்றும் இருக்கிறது. அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 33 தலைமுறைகளுக்கு மேல் ஒரே வம்சம். உலகத்தில் இத்தனை காலம் கைமாறாத வீடுகள் எத்தனை இருக்கும்?

காட்டுக்குள் ஒரு கோட்டை

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் மோசல் என்ற ஆறு ஓடுகிறது. அதில் வந்து கலக்கும் சிற்றாறு ஒன்றின் பெயர் எல்ஸ். அடர்ந்த காட்டின் நடுவே இந்தச் சிற்றாறு ஒரு பாறையை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பாறையின் உயரம் 70 மீட்டர். அதன் தலையில்தான் கோட்டை.

மோசல் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டு நிலத்து ஊர்களுக்கு வியாபாரிகள் வண்டி ஓட்டிச் சென்ற பழைய பாதை இந்தப் பக்கம்தான் போயிற்று. பாதையைக் காத்தவர் கையில் பணம் சேர்ந்தது. 1157இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா எழுதிக் கொடுத்த ஒரு சாசனத்தில் ருடால்ப் எல்ட்ஸ் என்பவர் சாட்சியாக நிற்கிறார். குடும்பத்தின் பெயர் எழுத்தில் தெரிய வருவது அதில்தான். அந்தக் காலத்துக் கல் கோபுரம் ஒன்று இன்னும் கோட்டைக்குள் நிற்கிறது.

பாறையில் இடம் கொஞ்சம். மூன்று குடும்பங்களும் பெருகின. பக்கவாட்டில் கட்ட முடியாது. உயரத்தான் கட்ட முடியும். அதனால் வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எட்டு மாடிவரை எழும்பின. ரூபெனாக் வீடு, ரோடென்டார்ப் வீடு, கெம்பெனிக் வீடு என்று அவற்றுக்குப் பெயர். கிளைகளுக்குக் கொடியடையாளமும் தனித்தனி. ஒன்றுக்குத் தங்கச் சிங்கம், ஒன்றுக்கு வெள்ளிச் சிங்கம், ஒன்றுக்கு எருமைக் கொம்பு. நடுவில் உள்ள சின்ன முற்றம் மட்டும் எல்லாருக்கும் பொது.

மொத்தம் 80க்கும் மேற்பட்ட அறைகள். பெரியவர், சிறியவர், வேலைக்காரர் எல்லாரும் சேர்ந்து 100 பேர் வரை குடியிருந்தார்கள். கல் வீடு ஆகையால் குளிர் எலும்பைத் துளைக்கும். பாதி அறைகளில்தான் குளிர் காயக் கணப்பு அடுப்பு உண்டு. ஆனால் கழிப்பிட வசதி ஏறத்தாழ 20 இடங்களில் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது பெரிய வசதிதான்!

சரி, நூறு பேர் ஒரே வாசலில் புழங்கினால் சண்டை வராதா? கிணற்றடியில் வரும், வாசற் காவலில் வரும், கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பதில் வரும். இதை அவர்கள் முன்கூட்டியே யோசித்தார்கள். வாய்ப் பேச்சை நம்பவில்லை, எழுதி வைத்தார்கள். "கோட்டை அமைதிப் பத்திரம்" என்று அதற்குப் பெயர். யாருக்கு எது பாத்தியம், பொதுச் செலவில் யார் பங்கு எவ்வளவு, காவலுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் அடங்கும். கோட்டை எல்லைக்குள் ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது முக்கியமான ஷரத்து. பங்காளிகள் கூடி வாழ்ந்த கோட்டைகள் ஜெர்மனியில் வேறு பலவும் உண்டு. அவற்றிலும் இப்படிப் பத்திரம் எழுதும் வழக்கம் இருந்தது.

ரோடென்டார்ப் வீட்டில் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. பொது விஷயங்களைப் பேச அங்கேதான் கூடுவார்கள். அந்தக் கூடத்தில் கோமாளி முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரச சபையில் கோமாளி மட்டும் எதையும் சொல்லலாம் அல்லவா? அதுபோல் இங்கே யாரும் மனத்தில் பட்டதைப் பேசலாம் என்று பொருள். வாசல் நிலைக்கு மேலே ஒரு ரோஜாப்பூ. அது மௌனத்தின் அடையாளம். உள்ளே பேசியது வாசலைத் தாண்டக் கூடாது!

இதைப் படிக்கும் பெரிய குடும்பத்துத் தலைவிகள் சிரித்துக்கொள்ளலாம். ரோஜாப்பூ வைத்தால் மட்டும் வாய் அடங்கிவிடுமா என்ன?

வளைந்து கொடுத்த கதை

பகை உள்ளேயிருந்து வரவில்லை, வெளியேயிருந்து வந்தது. பக்கத்து டிரியர் நகரத்தின் பேராயர் பால்துவின். மதத் தலைவர் என்றாலும் படையும் நாடும் உடையவர். சுற்றியுள்ள பிரபுக்கள் எல்லாரும் தமக்கு அடங்க வேண்டும் என்றார். எல்ட்ஸ் குடும்பத்தார் வேறு சில பிரபுக்களோடு சேர்ந்துகொண்டு எதிர்த்தார்கள். 1331இல் போர் மூண்டது.

பால்துவின் கெட்டிக்காரர். பாறை மேல் ஏறிப் படையைப் பலி கொடுக்கவில்லை. எதிரே உள்ள மேட்டில் தாமே ஒரு சிறு கோட்டையைக் கட்டினார். அங்கிருந்து எல்ட்ஸ் கோட்டையின் மேல் கல் குண்டுகளை வீசச் செய்தார். 1333இல் சண்டை நின்றது. 1336இல் சமாதானம் ஏற்பட்டது. எல்ட்ஸ் பிரபுக்கள் சுதந்தரத்தை விட்டுக்கொடுத்துப் பேராயருக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆனார்கள்.

இது தோல்விதான். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். எதிரே கட்டிய முற்றுகைக் கோட்டைக்குக் காவல் தலைவராக யாரைப் போட்டார் பால்துவின்? எல்ட்ஸ் குடும்பத்து யோகானையே! பின்னாளில் அந்தக் குடும்பத்து யாகோப் என்பவர் 1567இல் அதே டிரியரின் பேராயராகவே ஆனார். வணங்கிய இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்று அந்த முற்றுகைக் கோட்டை குட்டிச்சுவராகக் கிடக்கிறது.

அடுத்த ஆபத்து இன்னும் பெரியது. 1688இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் நதிப் பிரதேசத்தில் புகுந்தன. ஊர் ஊராகத் தீ வைத்தார்கள். புகழ் பெற்ற ஹைடல்பர்க் அரண்மனை தகர்ந்தது. மோசல் கரையில் சற்றுத் தொலைவில் உள்ள கோக்கம் கோட்டையை 1689இல் வெடி வைத்து உடைத்தார்கள். எல்ட்ஸ் மட்டும் தப்பியது. எப்படி? ஹான்ஸ் அன்டன் என்று இந்தக் குடும்பத்து மனிதர் ஒருவர் பிரெஞ்சுப் படையில் உயர்ந்த அதிகாரியாக இருந்தார். இடிக்க வேண்டிய கோட்டைகளின் ஜாபிதாவிலிருந்து எல்ட்ஸ் பெயரை அவர் அடிக்கச் செய்தார் என்பது வரலாறு.

இதை வீரம் என்று சொல்ல முடியாது. ஊரெல்லாம் எரியும்போது சொந்த வீட்டை மட்டும் காப்பாற்றிய காரியம் இது. எல்ட்ஸ் கோட்டையின் அழகைப் பாடுகிறவர்கள் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த எட்டு மாடிகளுக்கும் கல் சுமந்தவர்கள் யார்? பிரபுக்கள் சாப்பிட்ட ரொட்டிக்குக் கோதுமை விளைத்தவர்கள் யார்? சுற்றுப்புறத்துக் குடியானவர்கள். அவர்களுடைய வீடுகள் எதுவும் 850 ஆண்டுகள் நிற்கவில்லை. அவர்களுக்கு வம்சாவளிப் பட்டியலும் இல்லை.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வந்தபோதும் சோதனை ஏற்பட்டது. அப்போது தலைவராக இருந்தவர் ஹ்யூகோ பிலிப். அவர் நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்று நினைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அவரோ மைன்ஸ் நகரத்திலேயே இருந்தார்! உண்மை தெரிந்ததும் 1797இல் சொத்து திரும்பியது. எருமைக் கொம்புக் கிளை 1786லேயே வாரிசு இல்லாமல் முடிந்துபோயிருந்தது. 1815இல் ஹ்யூகோ பிலிப் வெள்ளிச் சிங்கக் கிளையின் பங்கையும் விலைக்கு வாங்கினார். கோட்டை முழுவதும் தங்கச் சிங்கக் கிளைக்கு வந்தது. மூன்று குடித்தனம் ஒன்றாயிற்று.

யார் பணம்?

பழைய வீட்டை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது. கார்ல் எல்ட்ஸ் என்ற கோமகன் 1845 முதல் 1888 வரை, 43 ஆண்டுகள், கோட்டையைப் பழுது பார்த்தார். செலவு 1,84,000 மார்க். அந்தக் காலத்தில் மற்றக் கோட்டைகளைப் புதுப்பித்தவர்கள் கண்டபடி கோபுரமும் கொத்தளமும் சேர்த்துக் கற்பனைக் கோட்டையாக ஆக்கினார்கள். இடிந்து கிடந்த கோக்கம் கோட்டையை 1868இல் பெர்லின் வியாபாரி ஒருவர் வாங்கித் தம் விருப்பம் போல் கட்டிக்கொண்டார். கார்ல் அப்படிச் செய்யவில்லை. இருந்ததை இருந்தபடியே காப்பாற்றினார். பொறுமையான வேலை, பாராட்ட வேண்டிய வேலை.

1920இல் தீ விபத்து. தெற்குப் பக்கம் எரிந்துபோயிற்று. மறுபடி கட்ட ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன. பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் கோட்டையின் படம் அச்சானது. ஏழைக்கு எளிதில் கிடைக்காத நோட்டு அது என்பதையும் சொல்ல வேண்டும்!

2009 முதல் 2012 வரை மீண்டும் பெரிய ரிப்பேர் நடந்தது. இதற்கு அரசாங்கமும் பணம் கொடுத்தது. பிரபுவின் வீட்டுக் கூரைக்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விருந்து நடத்தும் மாளிகை என்றால் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. எல்ட்ஸ் அப்படி இல்லை. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை டிக்கெட் வாங்கிய எவரும் நுழையலாம். பிரபுவின் படுக்கை அறையையும், கோமாளி முகங்களையும், பழைய சமையற்கட்டையும், கிரானாக் தீட்டிய மேரி மாதாவின் படத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நேரில் காண்கிறார்கள். பாட்டன் கல் சுமந்த வீட்டில் பேரன் மாடி ஏறிப் பார்க்கிறான். அதற்காகப் பொதுப் பணம் செலவிட்டால் தவறில்லை.

இந்தக் குடும்பத்துக்கு வேறொரு மாளிகையும் இருந்தது. மைன்ஸ் நகரப் பேராயராக இருந்த பிலிப் கார்ல் எல்ட்ஸ், 1736இல் டான்யூப் நதிக்கரையில் வுகோவார் என்ற ஊரில் பெரிய பண்ணையை வாங்கினார். அங்கே எழுந்தது அந்த மாளிகை. அங்கே பத்திரம் உதவவில்லை, சமாதானமும் உதவவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் குடும்பம் வெளியேற நேர்ந்தது. யுகோஸ்லாவிய அரசு சொத்தை எடுத்துக்கொண்டது. 1991இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வுகோவார் 87 நாள் முற்றுகையில் சிக்கியது. மாளிகை குண்டுபட்டுச் சிதைந்தது. அந்த ஊரை விட்டுப் போன யாகோப் எல்ட்ஸ் முதுமையில் திரும்பி வந்து, குரோஷிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 2006இல் காலமானார்.

2011இல் மாளிகையைப் பழையபடி செப்பனிட்டு முடித்தார்கள். இப்போது அது நகரத்தின் பொருட்காட்சிசாலை. மோசல் பக்கத்துக் கோட்டை குடும்பத்தின் கையில். டான்யூப் கரை மாளிகை ஊராரின் கையில். இரண்டுக்கும் டிக்கெட் உண்டு.