கல்வெட்டில் பெயர் இல்லாதவர்

ஜமாஅத்தோ அறக்கட்டளையோ நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்கு ஓர் இயந்திரம் நன்கொடையாக வந்தால் திறப்பு விழா, துஆ, சால்வை, கல்வெட்டு எல்லாம் முறையாக நடந்தேறுகின்றன. கொடுத்தவரின் பெயர் நிலைக்கட்டும். அதில் நமக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால் அந்த இயந்திரம் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி ஓட உழைப்பவர் யார்? கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவுப் பேருந்தில் வந்திறங்கும் சர்வீஸ் இன்ஜினியரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவருடைய பணியின் கனம் தண்ணீரில் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டர் என்ற கணக்கில், நான்கு மணி நேர டயாலிசிஸில் 120 லிட்டர் திரவம் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. நாம் குடிக்கும் நீருக்குக் குடல் ஒரு காவல். இந்த நீருக்கு அந்தக் காவல் இல்லை. கிருமிகளைக் கொல்லக் குழாய் நீரில் கலக்கும் குளோரினும் அதன் சேர்மங்களும் குடிப்பவரைப் பாதிப்பதில்லை. சவ்வைக் கடந்து இரத்தத்தில் சேர்ந்தாலோ சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அவற்றைத் தடுத்து நிறுத்துவது ஆர்.ஓ. அமைப்புக்கு முன் இருக்கும் கரி வடிகட்டி. அந்தக் கரி செயலிழந்தாலும் கண்ணுக்கு நீர் தெளிவாகவே தெரியும். சோதித்தால்தான் உண்மை புலப்படும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி நஞ்சு கலந்த நீர் சரிவரச் சுத்திகரிக்கப்படாமல் டயாலிசிஸுக்குப் பயன்பட்டதில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர்.

இரத்தக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் மணி அடிக்க வேண்டும். திரவத்தின் உப்பளவோ வெப்பமோ பிசகினால் இயந்திரம் அதை நோயாளியிடம் அனுப்பாமல் நிறுத்த வேண்டும். அந்த உணர்கருவிகளைச் சரிபார்த்து வைப்பவரும் அவரே. பழுதான அன்று "ஏன் தாமதம்?" என்று அவரைக் கேட்கிறோம். பழுதே நேராத மாதங்களில் அவர் நம் நினைவுக்கு வருவதில்லை.

"சம்பளம் வாங்குகிறாரே" என்பர் சிலர். மதரஸா ஆசிரியர்களாகிய நாமும் சம்பளம் வாங்குபவர்களே. அதற்காக எங்களுக்கு துஆச் செய்வதை யாரும் நிறுத்தியதில்லை! தாவூத் (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் தொழில் கற்பிக்கப்பட்டதைக் கூறும் இறைவசனம் (21:80) நம்மிடம் நன்றியை எதிர்பார்த்தே முடிகிறது. மனிதருக்குக் காட்டும் நன்றியை இறைவனுக்குக் காட்டும் நன்றியோடு பிணைக்கும் நபிமொழியோ நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

வாய்ச்சொல்லோடு இந்த நன்றி நின்றுவிடலாகாது. வக்ஃப் சொத்தின் வருமானத்தில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே, பயனாளிகளின் பங்கு அதற்குப் பின்னரே என்பது ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் வகுத்த சட்டம். இன்று நாமோ புதிய இயந்திரத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம்; வடிகட்டிக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் கேட்டால் முகம் சுளிக்கிறோம். ஓடாமல் மூலையில் போர்த்தி வைத்த இயந்திரத்தால் எந்த நோயாளிக்கு நன்மை? (ஸகாத் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்பது தனி மஸ்அலா, ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் பேசுவது ஸதகாவைப் பற்றி.)

அவர் எந்தச் சமயத்தவராயினும், வேலைக்கு வரும் நாளில் ஒருவேளைச் சோறும் சற்றே ஓய்வெடுக்க ஓர் இடமும் கொடுக்க நம்மால் முடியும். ஆண்டுக் கணக்கு வாசிக்கும்போது நன்கொடையாளர் பெயர்களோடு அவர் பெயரையும் சேர்த்து வாசிக்கலாம். ரமளான் வசூல் ரசீதில் "இயந்திரப் பராமரிப்பு" என்றொரு வரியைச் சேர்த்து அச்சடிக்க அச்சகத்தார் கூடுதலாக எதுவும் கேட்கப் போவதில்லை.